முன்னால் இருபது, பின்னால் இருபத்தெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, நானே செய்த பாரச் சைக்கிளில் 26 கிலோ அரிசி மூட்டையை முன்னால் வைத்து, கடையிலிருந்து வீடு வரை மூன்று கிலோமீட்டர், ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் வந்து சேர்ந்தேன். ஏழு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை அன்றைக்குத்தான் முடிந்தது. (25 கிலோ வரை பையில் அடைத்து விற்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்ததிலிருந்து மூட்டை 26 கிலோ ஆகிவிட்டது. சோதனைக்கு ஒரு கிலோ கூடுதல், நல்லதுதான்.)

வீட்டில் ஏற்கெனவே ஐந்து சைக்கிள்கள். அப்பாவின் ஹெர்குலிஸ், அம்பத்தூரில் செய்தது. பின் ஹப்பில் 58 என்று ஆண்டு பொறித்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியரோடு ஒரு ராலே. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். அட்லஸ் லேடீஸ் வண்டி ஒன்று. அப்புறம் தம்பி விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள். எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். ஆனால் பத்துக் கிலோ காய்கறி வாங்க வேண்டும் என்றால் ஸ்கூட்டர் சாவியைத்தான் தேடுவேன். வெட்கமாக இருந்தது.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். ஹெர்குலிஸின் ஹேண்டில் பாரில் ஒரு கம்பிக் கூடை மாட்டினேன். ஐந்து கிலோ வரை பரவாயில்லை. பத்துக் கிலோ ஏறியதும் ஹேண்டில் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்த பக்கமே இழுக்கும். நிறுத்தி ஸ்டாண்ட் போட்டால் முன் சக்கரம் படக்கென்று திரும்பிக்கொள்ளும். கூடை ஹேண்டிலோடு திரும்புகிறவரை இது தீராது. பாரம் ஃபிரேமில் உட்கார வேண்டும், ஹேண்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கறிக்கடை, மளிகைக்கடைப் பையன்கள் ஓட்டிய வண்டி இதே கணக்கில் செய்ததுதான். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னச் சக்கரம், சின்னச் சக்கரத்தின் தலைக்கு மேலே ஃபிரேமோடு பிடித்த கேரியர். 1926இல் தொடங்கிய பாஷ்லி கம்பெனி இந்த மாதிரி வண்டிகளுக்கே பேர்போனது. வரவழைத்தால் ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு சைக்கிளைச் செய்ய முடியாதா என்ற ரோஷத்தில் இறங்கினேன்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் சுற்றி, 22 அங்குல ஃபிரேம் உள்ள ஒரு ரோட்ஸ்டரை 1,400 ரூபாய்க்கு எடுத்தேன். முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. எனக்கு அது தேவையில்லை என்பதைச் சொல்லாமலே பேரம் பேசினேன். ஃபிரேமில் விரிசல் இல்லை. டயரை மாற்றிவிட்டால் 28க்கு 1½ பின் சக்கரம் ஓடும். கழற்றுவதில் நேரம் தின்றது, பெடல் மாட்டும் கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் மட்டும்தான். இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தேன். பிறகு கிராங்குக்கு அடியில் ஒரு ஜி.ஐ. குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து அடித்ததும் ஒரே அடியில் வந்தது. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸுக்குப் போகும், காட்டர் பின் வளையும். முதல் பக்கத்தில் அப்படித்தான் வளைத்தேன்.

அடுத்தது முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க். எல்லாத் தவறும் இங்கேதான்.

சக்கரம் சின்னதானால் ஃபோர்க்கும் சின்னதாகத்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு வெல்டிங் கடையில் பழைய ஃபோர்க்கின் கால்களைப் பத்து சென்டிமீட்டர் அறுத்து, நுனியைத் திரும்ப ஒட்டித் தரச் சொன்னேன். 600 ரூபாய். ஆர்க் வெல்டிங்கில் ஒரு காலில் ஓட்டை விழுந்து, அதை அடைத்து, அடைத்ததைத் தேய்த்து ஒருவழியாகக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தால் வண்டி தவிடு தின்னும் மாடு மாதிரி தலையைத் தாழ்த்தி நிற்கிறது. சீட்டில் உட்கார்ந்தால் முன்னுக்கு வழுக்குகிறது, வளைவில் பெடல் தரையைத் தட்டுகிறது. 28 அங்குலச் சக்கரத்தின் ஆக்சில் தரையிலிருந்து 355 மி.மீ. உயரத்தில் இருக்கும், 20க்கு 2.125 டயரில் அது 254 மி.மீ. பத்து சென்டிமீட்டர் கீழே போய்விட்ட ஆக்சிலை எட்டிப் பிடிக்க ஃபோர்க் கால் நீள வேண்டும். நான் குறைத்துவிட்டேன். பேப்பரில் ஒரு படம் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கணபதி பகுதியில் கேஸ் வெல்டிங் செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். மில் மெஷின் பாகங்களுக்குப் பித்தளைப் பற்று வைத்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். பழைய ஃபோர்க்கை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

“இது சைக்கிள் பைப்புங்க தம்பி, கேட் பைப்பு இல்லீங்க. ஆர்க் அடிச்சா உருகாம என்ன பண்ணும்?”

உக்கடத்திலேயே இன்னொரு பழைய ஃபோர்க் வாங்கி வரச் சொன்னார். அதன் இரண்டு கால்களும் மேலே சேரும் கிரவுனைச் சூடாக்கிக் கால்களை உருவி எடுத்துவிட்டு, 22 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள சீம்லெஸ் குழாயை லேத்தில் முனை கடைந்து உள்ளே இறக்கினோம். கிரவுனிலிருந்து ஆக்சில் வரை பழைய ஃபோர்க்கில் 385 மி.மீ., புதியதில் 495. காலை வளைக்க வேண்டாம், நேராகவே இருக்கட்டும், ஆக்சில் மாட்டும் 5 மி.மீ. தகட்டை முன்னுக்கு நீட்டிக்கொள்ளலாம் என்றார். எவ்வளவு நீட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டார். பழைய ஃபோர்க் எவ்வளவு முன்னுக்கு வளைந்திருந்ததோ அவ்வளவு, 75 மி.மீ. என்றேன். இரண்டாவது தவறு.

பற்று வைப்பதைப் பார்ப்பதற்காகவே அன்று மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இணைப்பை எமரியால் வெள்ளி மாதிரி தேய்த்துவிட்டு, வெங்காரத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசுகிறார். தீ பட்டதும் அது முதலில் அப்பளம் மாதிரி பொங்குகிறது, பிறகு அடங்கிக் கண்ணாடியாக உருகிப் பரவுகிறது. அதுவரை பித்தளைக் கம்பியைத் தொடுவதே இல்லை. இரும்பு செர்ரிப்பழ நிறத்துக்கு வந்த பிறகு கம்பி முனையை ஒரு தட்டு. பித்தளை உருகி, தீயின் பின்னாலேயே இணைப்பைச் சுற்றி ஓடி உள்ளே இறங்கிவிடுகிறது. ஆறிய பிறகு மேலே கெட்டியாக ஒட்டியிருக்கும் வெங்காரக் கண்ணாடியை எடுக்கும் வேலை எனக்கு. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடுகிறது. அவசரப்பட்டு உளியால் தட்டியதில் ஒரு சில்லு கண்ணுக்குப் பக்கத்தில் தெறித்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் கூலி, குழாய், லேத் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். வண்டி இப்போது நேராக நின்றது. ஓட்டினால்? கையைக் கொஞ்சம் லேசாக்கினாலே ஹேண்டில் தலையாட்டியது. எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்தால் பஸ் பக்கமே போகிறது. ஹெட் பால்ரஸை இறுக்கினேன், தளர்த்தினேன், டயரில் காற்றைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் அப்பாவின் ஹெர்குலிஸைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்டில் நுழையும் ஹெட் குழாயின் சாய்வை ஒட்டி ஒரு நேர் ரீப்பரைத் தரை வரை நீட்டி, அது தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆக்சிலிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் இன்னொரு கோடு. ரீப்பர் தொடும் இடம் முன்னால் இருக்க வேண்டும், குண்டு அதற்குப் பின்னால் விழ வேண்டும். ஹெர்குலிஸில் இரண்டுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர். என் வண்டியில் இரண்டே இரண்டு. பெரிய சக்கரத்துக்குப் பொருத்தமான 75 மி.மீ. நீட்டல் சின்னச் சக்கரத்துக்கு அதிகம். தகடுகளை மட்டும் மாற்றி 45 ஆக்கச் சொன்னேன். கூடுதலாக 350 ரூபாய். இப்போது அளந்தால் ஐந்தரை சென்டிமீட்டர் வருகிறது. முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டேன். அன்று மாலை ஒற்றைக் கையில் தெருக்கோடி வரை போய் வந்தேன்.

முன் சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 36 கண் அலாய் ரிம், புது ஹப், கம்பி, கட்டும் கூலி எல்லாம் 1,250. டயரும் டியூபும் 420. குழந்தைகள் சைக்கிளுக்குப் போடும் டயர்தான் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். கோட்டம் எடுப்பது எனக்கு வரும் என்று நானே உட்கார்ந்து, அரை மி.மீ. கோட்டத்தை மூன்று மி.மீ. ஆக்கிக் கடைக்காரரிடமே திரும்பக் கொண்டுபோனேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

கேரியருக்கு அளவு எங்கிருந்து எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் டிப்பர், வெளி அளவு 540க்கு 360 மி.மீ. அது அப்படியே உட்கார வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனும் அதற்குள் நிற்கும். முக்கால் அங்குல எம்.எஸ். குழாய், 16 கேஜ், இருபதடி நீளம் ஒன்று வாங்கினேன். நாலு கிலோ சொச்சம், 340 ரூபாய். அதில் ஐந்தடி மிச்சம். மேடை தரையிலிருந்து 590 மி.மீ. உயரத்தில். டயரின் தலைக்கும் அதற்கும் எட்டு சென்டிமீட்டர் இடைவெளி, மட்கார்டுக்குப் போதும். கீழே இரண்டு குழாய்கள், ஹெட் குழாயிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் குழாயிலிருந்து ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் தாண்டி முன்னால் போகும். மேலே இரண்டு, ஹெட் குழாயிலிருந்து இறங்கி மேடையின் முன் மூலைகளைப் பிடிக்கும். பற்று வைக்கும் கூலி மட்டும் 2,500. இந்த வேலையில் நான் வாய் கூசாமல் கொடுத்த பணம் அதுதான்.

சூட்டில் ஃபிரேம் திருகியிருக்குமோ என்று ஒரு பயம் இருந்தது. பின் ஆக்சில் தகட்டில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத் தகட்டில் கட்டினால், சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தது. பெரியவர் ஃபிரேமைத் தரையில் படுக்கவைத்து, காலை வைத்து, பின் கவையை ஒரு இழு. மறுபடி நூல் பிடித்தால் அரை மி.மீ.கூட இல்லை. அந்தக் கணக்கை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லித் தராது.

ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதன்மேல் கரும்பச்சை எனாமல் இரண்டு கோட். பிரஷ்ஷால்தான் அடித்தேன். மழைக்காலம் என்பதால் ஒவ்வொரு கோட்டும் காய இரண்டு நாள். பிரைமர், பெயிண்ட், தின்னர், பிரஷ் 460 ரூபாய். மேடைக்குத் தேக்கு ரீப்பர் ஆறு, ஒரு மரக்கடையில் கழிவில் எடுத்தது, 250.

எல்லாம் காய்ந்து, பளபளவென்று மாட்டி, முன் பிரேக்கைப் பொருத்தி ஹேண்டிலைத் திருப்பினேன். டக். இடது பக்கம் பாதிகூடத் திரும்பவில்லை. பின் பிரேக் பழைய ராடு பிரேக்காகவே இருக்கிறது. முன்னால் ராடு எட்டாது என்று கேபிளால் இழுக்கும் வி பிரேக் போட்டிருந்தேன், செட் 280 ரூபாய். அதில் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் வளைந்த ஒரு சின்னக் குழாய் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். அது நேராகப் போய்க் கேரியரின் கீழ்க்குழாயில் இடிக்கிறது. பிரேக் மாட்டாமலே ஃபோர்க்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இடம் இருக்கிறது என்று தலையாட்டியவன் நான்தான். இடது குழாயை அறுத்து, வெளிப்பக்கம் வளைத்து, மறுபடி பற்று. இன்னொரு 400 ரூபாயும், ஒரு முழம் நீளத்துக்குக் கருகிய பச்சைப் பெயிண்ட்டும். அந்த இடத்தில் நிறம் இன்றைக்கும் சேரவில்லை.

மிதிக்கும் கணக்கில் ஒரே மாற்றம்தான். முன்னால் 44 பல், பின்னால் ஏற்கெனவே இருந்தது 18. ஒரு சுற்று மிதித்தால் ஐந்தரை மீட்டர் ஓடும். பாரத்தோடு மேடு ஏற அது ஆகாது. 22 பல் ஃப்ரீவீலும் புதுச் செயினும் போட்டேன், 390 ரூபாய். இப்போது நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் போய்விட்டது என்று எஸ்.எல்.ஆரில் ஏறினால்தான் தெரிகிறது.

முதல் சந்தை நாளில் சிங்காநல்லூர் உழவர் சந்தை வாசலில் பின் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, டிப்பரில் பத்துக் கிலோ தக்காளியும் மேலே கீரைக்கட்டுகளும் வைத்தேன். காசு கொடுக்கத் திரும்பினேன். பாரம் ஃபிரேமில் இருப்பதால் ஹேண்டில் இழுக்காது, சரி. ஆனால் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் தூக்கியிருக்கிறது, முன் சக்கரம் சும்மா சுழலும். அது மெதுவாகத் திரும்பியது, வண்டி முன்பக்கமாக மண்டியிட்டது, தக்காளி ரோட்டில் உருண்டது. கீரை விற்ற அம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இங்கயே தொக்குப் போடறீங்களா?” என்றார். நாலு கிலோ தேறியது. மிச்சம் நிஜமாகவே தொக்கு.

இதற்கு இரண்டு மருந்து. மேடைக்கு அடியில் 12 மி.மீ. கம்பியில் அகலமான முன் ஸ்டாண்ட், தாழ்த்தினால் முன் சக்கரம் இரண்டு சென்டிமீட்டர் மேலே எழும்பி நிற்கும். காலை நல்ல அகலத்துக்கு விரித்து 420 மி.மீ. வைத்தோம், குறுகினால் மறுபடி சாயும். கிளம்பும்போது வண்டியை முன்னால் ஒரு தள்ளு, ஸ்பிரிங் இழுத்து மேலே மடித்துக்கொள்ளும். இரண்டாவது, டவுன் குழாயிலிருந்து ஃபோர்க்குக்கு ஒரு சின்ன ஸ்பிரிங், ஹேண்டில் தானாக நேரே வந்து நிற்கும்படி. இரண்டும் சேர்த்து 700. வண்டியே இதில்தான் முழுமையானது. இதை முதலிலேயே செய்யாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் 10,840 ரூபாய். அதில் குட்டை ஃபோர்க் 600, தகடு மாற்றியது 350, குழாய் அறுத்து ஒட்டியது 400, ஆக 1,350 என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். தக்காளி இதில் சேரவில்லை. பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன், 27 கிலோ. மாடியில் தூக்கி வைக்கும் சைக்கிள் இல்லை இது.

மறுபடி ஒன்று செய்தால் முதல் நாள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மொட்டை மாடித் தரையில் முழு அளவில் படம் போடுவேன், இரண்டு சக்கரமும் ஆக்சிலும் ஹெட் குழாயின் சாய்வும் உட்பட. பெயிண்ட்டைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் மாட்டி, பாரம் ஏற்றி, ஒரு மாதம் துருவோடு ஓட்டுவேன். பின் சக்கரத்தில் ராடு பிரேக் வேண்டாம், மழையில் ஸ்டீல் ரிம்மில் அது பிடிப்பதற்குள் அடுத்த தெரு வந்துவிடுகிறது. ராலேயில் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பை இதற்கு மாற்றலாமா என்று இரண்டு தடவை கை போனது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதைக் கழற்றினால் ராலே வெறும் இரும்பு.

ஓட்டப் பழக ஒரு வாரம் ஆகும். ஹேண்டிலைத் திருப்பினால் டிப்பர் திரும்பாது. முதலில் வண்டியே திரும்பவில்லை என்று தோன்றி இன்னும் கொஞ்சம் திருப்பிவிடுவோம். டிப்பரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தால் சரியாகிவிடுகிறது. முன் டயரில் 40 பவுண்டு காற்று, பாரம் இருந்தால் அதற்குக் குறையக் கூடாது.

மற்ற ஐந்தும் ஹாலிலும் படிக்கட்டுக்கு அடியிலும் துணி போர்த்தி நிற்கின்றன. இது வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, “உங்கப்பனாட்டமே இரும்பா வாங்கிச் சேரு” என்றாள். இப்போது மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும் என்றால், “அந்தப் பச்சை வண்டியில போயிட்டு வா, சிந்தாது” என்கிறாள்.

விளக்கு மட்டும் பாக்கி. ஹேண்டிலில் மாட்டினால் வெளிச்சம் முழுக்க டிப்பரின் முதுகில் விழுகிறது. மேடைக்கு அடியில், முன் விளிம்பில் ஒரு சின்ன எல் பட்டி வைத்து மாட்டினால் போதும், ஆனால் தாழ்த்திய ஸ்டாண்ட் மேலே மடங்கும்போது அதில் இடிக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். இந்தத் தடவை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் துளை போடுவேன்.